அந்த வீடு இருட்டாகக் கட்டப்படவில்லை

பழைய அடுக்குமாடி வீட்டைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று வாயைத் திறந்தாலே போதும், கேட்பவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தில் வந்து நிற்கிறார்கள்: "அந்தக் காலத்து வீடு, இருட்டாகத்தான் இருக்கும்." சிலர் அனுதாபமாகச் சொல்கிறார்கள், சிலர் தீர்ப்பாகச் சொல்கிறார்கள். எனக்கு அது செரிக்கவே இல்லை. மின்விளக்கு அரிதாகவும் மங்கலாகவும் இருந்த காலத்தில் வீடு கட்டியவர்கள், காசில்லாமல் கிடைக்கும் பகல் வெளிச்சத்தை எதற்காக வாசலிலேயே நிறுத்தி வைத்திருப்பார்கள்? சுவிட்சைத் தட்டினால் கூடம் நிறைந்துவிடும் வசதியுள்ள நாம் வேண்டுமானால் ஜன்னலை மறக்கலாம். அவர்களுக்கு அந்தச் சொகுசு ஏது?

ஆனால் வீடு இருட்டாக இருந்ததும் உண்மைதான். காலை பதினொரு மணிக்குக்கூட நடையில் விளக்குப் போடாமல் செருப்பைத் தேட முடியாது. வாசற்கதவைத் திறந்ததும் நீண்ட நடை, அதன் இரு பக்கமும் அறைகள், கோடியில் சமையலறை. கூடத்துச் சுவர்களில் ஆளுயரத்துக்குக் கரும்பழுப்பு வெனீர். கூரையில் ஜிப்சம் பலகை அடித்து, அதில் வட்ட வட்டமாக விளக்குக் குழிகள். நடையில் தலைக்கு மேலே முழு நீளத்துக்கும் பரண். அதில் என்ன இருக்கிறது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கையடக்க ஒளிமானி ஒன்றை இரவல் வாங்கி நடையில் வைத்துப் பார்த்தேன்; வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ்; நல்ல பகலில் அது 10 லக்ஸைத் தாண்டவில்லை. மேகம் மூடிய நாளில்கூட வெட்டவெளியில் சுமார் 10,000 லக்ஸ் இருக்கும், உச்சி வெயிலில் அது ஒரு லட்சத்தைத் தொடும். ஒரு அறையில் உட்கார்ந்து நிம்மதியாகப் படிக்க 300 லக்ஸ் தாராளம். வெளியே கொட்டிக் கிடப்பதில் நூற்றில் இரண்டு மூன்று பங்கு உள்ளே வந்தால் போதும். அந்தச் சிறு பங்கு எங்கே தொலைகிறது என்பதுதான் கேள்வி. ஆனால் அந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. எந்தச் சுவரை இடிக்கலாம் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள்.

படத்தில் அடித்த வெயில்

உள்அலங்காரம் செய்ய வந்தவர் ஓர் இளைஞர், கெட்டிக்காரர். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி அளவெடுத்துக்கொண்டு போனவர், அடுத்த முறை மடிக்கணினியைத் திறந்து எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். அது எங்கள் வீடு என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது. வெள்ளைத் தரை, வெள்ளைச் சுவர், கூடத்தின் நடுவே சமையல் மேடை, சோபாவின் மேல் சாய்வாக ஒரு துண்டு வெயில். என் கணவர் அந்த வெயிலிலேயே விழுந்துவிட்டார். நான் சோபாவின் நிழலைப் பார்த்தேன். "தம்பி, இந்த வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது?" என்று கேட்டேன். நிழல் விழுந்திருந்த திசையைக் கணக்கிட்டால் சூரியன் பக்கத்து வீட்டுக்காரரின் படுக்கையறைக்குள் இருந்தாக வேண்டும். "அது சாஃப்ட்வேர் தானாகப் போடுவது மேடம்," என்றார் கூச்சத்தோடு.

அவருடைய திட்டம் எளிமையானது: மூன்று சுவர்களை எடுத்துவிட வேண்டும். கூடம், நடை, சமையலறை எல்லாம் ஒன்றாகிவிடும். வெளிச்சமான நவீன வீடு என்றாலே சுவரில்லாத வீடு என்றாகிவிட்டது; பத்திரிகைகளில் வரும் படங்கள் எல்லாம் அப்படித்தான். அந்த வீடுகளில் ஒருவர் தொலைக்காட்சி பார்த்தால் எல்லோரும் பார்த்தாக வேண்டும், ஒருவர் கடுகு தாளித்தால் எல்லோரும் தும்மியாக வேண்டும் என்பது படத்தில் தெரியாது.

கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்ததும் பேச்சு மாறியது. எங்களுடையது கான்கிரீட் தூணும் உத்தரமும் எலும்புக்கூடாக நின்று, இடையில் சுவர்களை நிரப்பிய கட்டடம் இல்லை. செங்கல் சுவர்களே தளத்தைத் தாங்கி நிற்கும் கட்டடம். மேல்மாடியிலும் கீழ்மாடியிலும் அதே இடத்தில் அதே சுவர் நிற்கிறது. நடுவில் ஒருவர் மட்டும் தன் பங்கை உருவிக்கொண்டால், மேலே இருப்பவர்களின் சுவர் எதன் மேல் உட்காரும்? இரும்பு உத்தரம் வைத்து, முட்டுக்கொடுத்து, எல்லா மாடிக்காரர்களின் சம்மதமும் வாங்கித் திறப்பு விடலாம். ஆனால் அது எங்கள் வீட்டு வேலையாக இருக்காது, கட்டட வேலையாகிவிடும். தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்துச் சுவரின் ஜாதகம் சொல்லும் நிபுணர்கள் ஊருக்கு நான்கு பேர் உண்டு. பொறியாளர் தட்டவே இல்லை, மூல வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். மூன்றில் இரண்டு சுவர்கள் சுமை தாங்குபவை. மூன்றாவது வரைபடத்திலேயே இல்லை. பிற்பாடு யாரோ பிளைவுட்டால் அடித்த தடுப்பு அது, அலமாரியோடு சேர்ந்தது. "இதை நாளைக்கே எடுக்கலாம், இது கட்டடத்தைச் சேர்ந்ததே இல்லை," என்றார். குளியலறையை இடம் மாற்றும் ஆசையும் அன்றோடு போயிற்று. கழிவுக் குழாய்க்குச் சரிவு வேண்டும்; செங்குத்துக் குழாயிலிருந்து தள்ளிப் போகப் போகத் தரையை உயர்த்திக்கொண்டே போக வேண்டும்.

சுவர் போகாது என்று தெரிந்ததும் இளைஞரின் முகம் வாடிவிட்டது. எனக்குள் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் இல்லாத சுவர் ஒன்று இந்த வீட்டில் இருக்கிறது என்றால், வரைபடத்தில் இல்லாதவை இன்னும் என்னென்ன இருக்கும்?

பரணுக்குப் பின்னால்

பரணைக் கழற்றும் வேலையை மேஸ்திரி தானே எடுத்துக்கொண்டார். முதலில் சாமான்கள் இறங்கின: இறக்கை உடைந்த மின்விசிறி, நூல் அறுந்த காகிதக் கட்டுகள், மூடியில்லாத பாத்திரங்கள், பாத்திரமில்லாத மூடிகள். பிறகு பலகைகள். கடைசிப் பலகையும் வந்த பிறகு, ஒவ்வோர் அறைக் கதவுக்கு மேலேயும் சுவரில் ஒரு நீள்சதுரம் துருத்திக்கொண்டு தெரிந்தது. சுவரின் நிறமேதான் அதற்கும். மேஸ்திரி ஏணியில் ஏறி விரல் மடக்கித் தட்டினார். "கண்ணாடி அம்மா," என்றார்.

வென்டிலேட்டர். சட்டத்தின் நடுவில் சுழலும் பழைய வகை, பித்தளைக் கொக்கியோடு. மரம், கண்ணாடி, கொக்கி என்று வித்தியாசம் பார்க்காமல் யாரோ பழுப்பு பெயிண்டை அடித்து மூடியிருந்தார்கள். பழைய எண்ணெய்ப் பெயிண்டில் ஈயம் இருக்கும். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயிண்டில் அதை 1978-இல்தான் தடை செய்தார்கள். அதனால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துத் தூசி கிளப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் முகமூடி கட்டிக்கொண்டு, ஈரத்துணியால் நனைத்து நனைத்துத் தகடால் சுரண்டினார். சட்டத்தின் ஓரத்தில் பழுப்பு உரிந்தது, அதன் கீழே சாம்பல், அதன் கீழே கடல்பச்சை, அதற்கும் கீழே வெண்ணெய் நிறம், கடைசியில் மரம். நகத்தளவு துண்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். அதன் ஓரத்தில் நான்கு நிறங்களும் கோடு கோடாகத் தெரிந்தன. கண்ணாடியில் மட்டும் பழுப்பு ஒன்றுதான். சாம்பலும் பச்சையும் பூசியவர்கள் சட்டத்துக்குப் பூசிவிட்டுக் கண்ணாடியைச் சும்மா விட்டிருக்கிறார்கள்.

கண்ணாடியில் உள்ளங்கை அகலம் தெளிந்ததும் எதிர்ச்சுவரில் ஒரு வெளிச்சப் பட்டை விழுந்தது. அறையின் ஜன்னலில் நுழைந்த வெளிச்சம், மூடிய கதவுக்கு மேலாக ஏறி நடைக்கு வந்திருக்கிறது. எதிர் அறைக்கும் அதே உயரத்தில் ஒரு வென்டிலேட்டர். காலையில் கிழக்கு அறை நடைக்குக் கொடுக்கும், மாலையில் மேற்கு அறை கொடுக்கும். கதவைத் திறக்க வேண்டியதில்லை, காற்றும் அதே வழியில் போகும். மேஸ்திரி ஏணியில் நின்றபடியே நடையின் இரு கோடிகளையும் பார்த்தார். "கட்டினவர் வழி விட்டுத்தான் கட்டியிருக்கிறார் அம்மா. பரண் போட்டவர்தான் அடைத்துவிட்டார்," என்றார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டை நான் பார்த்த விதமே வேறு. கூடத்தின் ஜிப்சம் பலகையைக் கழற்றச் சொன்னேன். அசல் கூரைத்தளம் அதற்கும் இரண்டடி மேலே இருந்தது. ஜன்னல்களும் நாங்கள் நினைத்த இடத்தில் முடியவில்லை; பொய்க்கூரைக்குத் தோதாக மேல்வரிசைக் கண்ணாடியைப் பலகை அடித்து மறைத்து, அதன் மேல் திரைக்கம்பியை மாட்டியிருந்தார்கள். ஜன்னலின் மேல்பகுதிதான் வெளிச்சத்தை வீட்டின் ஆழத்துக்கு அனுப்புவது. தரையிலிருந்து ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதில் இரண்டு முதல் இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் உருப்படியாகப் போகும் என்பது கட்டடக் கலைஞர்கள் கையாளும் தோராயக் கணக்கு. ஒன்பதடி உயர ஜன்னல் என்றால் ஏறத்தாழ இருபதடி வரை வரும். அதை ஏழடியில் வெட்டினால் நான்கைந்து அடி பின்வாங்கிவிடும். எங்கள் கூடத்தில் அந்த நான்கைந்து அடியில்தான் சாப்பாட்டு மேசை இருந்தது. அதன் மேலே மட்டும் பகலெல்லாம் ஒரு விளக்கு எரிந்தது.

அத்தையிடம் கேட்டேன். இந்த வீட்டில் முப்பது வருடத்துக்கு மேல் குடித்தனம் நடத்தியவர். வென்டிலேட்டருக்குப் பெயிண்ட் அடித்தது யார் என்று கேட்டதும் சிரித்துவிட்டார். "நான்தான் அடிக்கச் சொன்னேன். உன் மாமாவுக்கு ராத்திரி வேலை. விடியற்காலம் வந்து படுப்பார். நடையில் யார் விளக்குப் போட்டாலும் அவர் முகத்தில்தான் விழும்." பரண்? பெரிய வீட்டைக் காலி செய்து வந்தபோது சாமான் கொள்ளவில்லை. பொய்க்கூரை? குளிர்சாதனம் வாங்கியபோது, உயரமான அறையைக் குளிரூட்டக் கரண்டு அதிகம் ஆகும் என்று யாரோ சொன்னார்கள், ஒயர்களும் மறைந்தன. வெனீர்? பிள்ளைகள் சுவரெல்லாம் கிறுக்கினார்கள், அந்த வருடம் எல்லார் வீட்டிலும் அதுதான் புதுசு. "நீ வந்து கணக்குக் கேட்பாய் என்று தெரிந்திருந்தால் எழுதி வைத்திருப்பேன்," என்றார்.

ஆக, இந்த வீட்டின் இருட்டுக்குப் பழமை காரணம் இல்லை. அடுத்தடுத்து வந்த நவீனங்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் இருந்தது, சில நியாயங்கள் அன்பானவை. குழல் விளக்கு 1938-இல் விற்பனைக்கு வந்தது. அது வீடுகளுக்குள் பரவிய பிறகு, ஒரு ஜன்னலை அடைப்பதால் பெரிய நஷ்டம் எதுவும் இல்லாமல் போய்விட்டது. அடைத்த இடத்துக்குக் கீழே ஒரு குழல் விளக்கை மாட்டினால் தீர்ந்தது. மாமா வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், பிள்ளைகள் கிறுக்குவதை நிறுத்தினார்கள், பெரிய வீட்டுச் சாமான்கள் துருப்பிடித்தன. காரணங்கள் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போயின. காரணத்துக்காக வந்த பலகைகள் மட்டும் தங்கிவிட்டன. அப்படித் தங்கியவற்றைத்தான் நாம் பழைய வீடு என்கிறோம்.

எண்பதும் ஐம்பதும்

வேலை அதன் பிறகு இடிப்பதாக இல்லாமல் உரிப்பதாக மாறியது. வெனீர் போயிற்று. பிளைவுட் தடுப்புப் போயிற்று. தரையில் ஒட்டியிருந்த பழுப்பு விரிப்பை ஒரு மூலையில் கிளப்பிப் பார்த்தால், அடியில் வெளிர்நிற மொசைக் தரை. சிமெண்டில் சலவைக்கல் சில்லுகளைப் பதித்த தரையில் உள்ள ஒரு பெரிய வசதி, மேல்பரப்பு மங்கினால் இயந்திரத்தால் அரைத்து மெருகேற்றிவிடலாம். உள்ளே இருப்பதும் அதேதான். புதுத் தரை போட ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் பெரும்பங்கு மிச்சமாயிற்று, அதை என் கணவர் உடனே வேறு கணக்கில் சேர்த்துவிட்டார்.

வண்ணம் பற்றி ஒரு சின்னக் கணக்குச் சொல்ல வேண்டும். பெயிண்ட் நிறுவனங்களின் வண்ண அட்டையில் பெரும்பாலும் எல்ஆர்வி என்று ஓர் எண் இருக்கும். அந்த நிறம் தன் மேல் விழும் வெளிச்சத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கைத் திருப்பி அனுப்பும் என்பதுதான் அது. நல்ல வெள்ளைக்கு 85-க்கு மேல், கரும்பழுப்பு மரத்துக்கு 10 சொச்சம். எங்கள் வீட்டில் பலரும் 80-க்கும் 50-க்கும் பெரிய வேறுபாடு இல்லை என்றே நினைத்தார்கள்; வண்ண அட்டையில் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் வெளிச்சம் ஒரு சுவரில் பட்டு நின்றுவிடுவதில்லை, அடுத்த சுவருக்குப் போகிறது, அங்கிருந்து கூரைக்கு. ஒவ்வொரு முறையும் பாதி திரும்பினால், ஒன்று, அரை, கால், அரைக்கால் என்று கூட்டிக்கொண்டே போய் மொத்தம் இரண்டில் நிற்கும். ஒவ்வொரு முறையும் எண்பது பங்கு திரும்பினால் அதே கூட்டல் ஐந்தில் போய் நிற்கும். ஜன்னலும் மேசை நாற்காலிகளும் தின்பது போக நிஜ வீட்டில் இந்த அளவு கிடைக்காது என்றாலும், கடைசி இருபது முப்பது புள்ளிகளில்தான் சூட்சுமம் இருக்கிறது என்பது மாறாது. கூரைக்குத்தான் முதல் மரியாதை. அதை யாரும் தொடுவதில்லை, அழுக்காவதில்லை, எதையும் சாய்த்து வைப்பதில்லை. வெள்ளைக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வீட்டில் கிடையாது.

அதற்காக எல்லாவற்றையும் வெள்ளையாக்கவும் இல்லை. ஜன்னலைச் சுற்றியுள்ள சுவர் கறுத்திருந்தால், பிரகாசமான கண்ணாடிக்குப் பழகிய கண்ணுக்கு அறையின் மற்ற பகுதி இன்னும் இருட்டாகப்படும். பெரிய ஜன்னல் வைத்தும் இருட்டுதான் என்று புலம்புகிறவர்களின் வீட்டில் பெரும்பாலும் கோளாறு இதுதான். ஆகவே ஜன்னல் சுவரையும் அதன் உள்மடிப்புகளையும் மிக வெளிறிய நிறத்தில் விட்டோம். படுக்கையறையில் கட்டிலின் தலைமாட்டுச் சுவர் மட்டும் அடர்நீலம். அந்தச் சுவர் வெளிச்சத்தைத் தின்னட்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இரவு விளக்குகள் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு 3000 கெல்வினுக்கு மேல் போகாத, மஞ்சள் சாயல் கொண்டவை; பொருள்களின் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்று சொல்லும் நிறக் காட்டுத்திறன் 90-க்குக் குறையாதவை. 80 உள்ள மலிவு எல்இடி விளக்கின் கீழ் பல நேரம் மனிதர்கள் லேசாக நோயாளிகளாகத் தெரிகிறார்கள்.

கதவுள்ள சமையலறை

சமையலறைச் சுவர் தப்பித்ததில் இளைஞருக்கு இன்னும் வருத்தம்தான். "மூடிய சமையலறை பழைய பாணி மேடம்," என்றார் கடைசி முறையாக. அது ஒரு காலத்தின் அதிநவீனப் பாணி என்று அவருக்குச் சொன்னேன். 1926-இல் ஃபிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டெ ஷூட்டெ-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தது, சுமார் 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்ட குறுகிய தனிச் சமையலறை. ரயிலின் உணவுப் பெட்டியில் அத்தனை சின்ன இடத்தில் எப்படிச் சமைக்கிறார்கள் என்று கவனித்து, நடக்கும் அடிகளை எண்ணி, கைக்கெட்டும் தூரத்தில் எல்லாவற்றையும் அடுக்கினார். அதற்கு முன்பு தொழிலாளர் குடும்பங்கள் பலவும் சமைத்ததும் உண்டதும் உறங்கியதும் ஒரே அறையில்தான். அந்தப் புகையிலிருந்து கிடைத்த விடுதலையாகத்தான் தனிச் சமையலறை வந்தது, சுமார் பத்தாயிரம் வீடுகளில் பொருத்தப்பட்டது. பெண்ணைத் தனியே அடைத்துவிட்டது என்று அதையே பின்னால் வந்தவர்கள் குறை சொன்னார்கள். அந்தக் குறையிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஃபிராங்ஃபர்ட் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு நகரும் கதவு இருந்ததைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். திறந்தால் குழந்தைகள் கண்ணில் படுவார்கள், மூடினால் புகை நிற்கும்.

நாங்களும் அதைத்தான் செய்தோம். இருந்த கதவின் இடத்தில் கண்ணாடி பதித்த நகரும் கதவு, அதன் மேலே பழுதுபார்த்த பழைய வென்டிலேட்டர். சுவரில் கை வைக்கவில்லை. சமையலறையின் கிழக்கு வெளிச்சம் காலையில் நடையின் பாதிவரை வருகிறது. ஒளிமானியை மறுபடி இரவல் வாங்கி வைத்ததில், முன்பு பத்தைத் தாண்டாத இடத்தில் முள் நூறுக்குப் பக்கத்தில் நின்றது. இளைஞர் வந்து பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போனார். சாஃப்ட்வேர் வெயில் தேவைப்படவில்லை.

மிச்சம் இருப்பது ஒரு தகராறு. என் மகளுக்கு இப்போது இரவு வேலை. உலகத்தின் மறுபக்கத்தில் விடியும்போது இவளுக்குப் பணி தொடங்குகிறது, காலையில்தான் படுக்கிறாள். குடிபுகுந்த சில நாட்களிலேயே "இந்த மேல் கண்ணாடியை ஏதாவது செய்யுங்கள் அம்மா, கண்ணில் குத்துகிறது" என்று ஆரம்பித்துவிட்டாள். பெயிண்ட் டப்பாவில் பழுப்பு மிச்சமில்லை, இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். வெளிச்சம் புகாத சுருள்திரை ஒன்றை அளவெடுத்து மாட்டினோம்; அவள் தூங்கும்போது இறங்கும், எழுந்ததும் ஏறும். வேலை மாறினால் இரண்டு திருகாணிகளோடு போய்விடும். அத்தைக்கும் அது பிடித்துப்போயிற்று, "இது அப்போதே கிடைத்திருந்தால்" என்றார். திரையின் கயிறு அறைக்குள் தொங்க வேண்டும் என்கிறாள் மகள். அவள் எழுந்தும் இறக்கியபடியே விட்டுவிடுகிறாள், அதனால் நடைப் பக்கம் தொங்கட்டும் என்கிறேன் நான். மேஸ்திரி இரண்டு பக்கமும் துளை போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.